பாவாத்தாள் போட்ட பட்டறை

அன்னூரிலிருந்து சத்தி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் இடது கைப்பக்கம் தகரக் கூரை போட்ட நீளமான குடோன் ஒன்று இருக்கிறது. இப்போது பூட்டிக் கிடக்கிறது. முன்பெல்லாம் அதைத் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியாக வெங்காயச் சருகு பறந்து வந்து மடியில் விழும். உள்ளே பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து சின்ன வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் மூத்தவள் பாவாத்தாள்.

வயதில் அவளைவிடப் பெரியவர்கள் இருந்தார்கள். ஆனால் வெங்காயத்தில் அவள்தான் மூத்தவள். காயைக் கையில் எடுத்து உருட்டினாலே அது எந்த ஊருக்குப் போக வேண்டிய காய் என்று சொல்லிவிடுவாள். சிங்கப்பூருக்குப் பெருவட்டாக, காய் பெரிதாக இருக்க வேண்டும். கொழும்புக்கு நடுவட்டு, நல்ல சிவப்பு, கழுத்து சுருங்கிக் காய்ந்திருக்க வேண்டும். மலேசியாக்காரர்கள் இரட்டைக் காயையும் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் தோல் உரிந்திருக்கக் கூடாது. இதில் எதிலும் சேராதது கோயமுத்தூர்க் காந்திபுரத்து ஓட்டல்களுக்கு.

கடல் தாண்டி இருக்கும் அந்த ஊர்களை அவள் வெங்காயத்தை வைத்துத்தான் தெரிந்து வைத்திருந்தாள். கொழும்பில் சனங்கள் பெட்ரோலுக்கும் பால் பவுடருக்கும் வரிசையில் நின்ற வருஷம் குடோனில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை இருந்தது. நோன்பு மாசத்துக்கு முந்தைய மூன்று வாரமும் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. "எங்கியோ ஒருத்தி கொழம்பு வெச்சாத்தான் எங்கூட்டு அடுப்பு எரியும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

குடோன் முகமது ரியாஸுடையது. நாற்பது வயதுக்காரர். அன்னூர், புளியம்பட்டிப் பக்கத்துக் காடுகளில் வெங்காயம் வாங்கி, தரம் பிரித்து, வலைப்பைகளில் கட்டித் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்புவார். பாவாத்தாளை 'அக்கா' என்பார். அவள் அவரை 'பாய்' என்பாள். தரம் சம்பந்தமாக அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர் மறு வார்த்தை பேச மாட்டார்.

பாவாத்தாளின் அப்பனும் அம்மாளும் சுப்பண்ணன் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர்கள். அவளும் பதினாலு வயசிலிருந்து அங்கேதான் களை வெட்டினாள், பருத்தி எடுத்தாள். எத்தனையோ வெள்ளாமை அவள் கையால் விளைந்து வண்டி ஏறியிருக்கிறது. அதில் ஒரு கைப்பிடிகூட அவளுடையதில்லை. குடோன் வந்த பிறகுதான் தோட்டத்து வேலையை விட்டாள். அதைச் சுப்பண்ணன் மறக்கவில்லை.

ஐந்தாறு வருஷமாகச் சுப்பண்ணனின் வடக்குக் காடு, இரண்டு ஏக்கர் நிலம், சும்மா கிடந்தது. மகன் மிதுனுக்குக் கோயமுத்தூரில் பம்ப்செட் கம்பெனி. அப்பாவைப் பார்க்க மாசத்துக்கு ஒருமுறை காரில் வருவான், காட்டுக்குள் இறங்க மாட்டான். அந்த மண் செம்மண். வெங்காயத்துக்கென்றே படைத்தது மாதிரி இருக்கும். தினமும் அதைத் தாண்டித்தான் பாவாத்தாள் வேலைக்குப் போனாள். ஒரு புரட்டாசி மாதக் காலையில் நேராகச் சுப்பண்ணன் வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

"ஏனுங் பண்ணாடி, வடக்குக் காட்டை எனக்குப் பங்கு வாரத்துக்கு உடுங்க. சின்ன வெங்காயம் போடறேன்."

சுப்பண்ணன் பேப்பரை மடித்துவிட்டு அவளைப் பார்த்தார். "களை வெட்ட ஆளில்லைன்னு கூப்பிட்டப்ப வரமாட்டேன்னு போயிட்டே. இப்ப வெவசாயம் பண்றேங்கறே. உங்கப்பன் இருந்தா என்ன சொல்லுவான்?"

"எங்கப்பன் கேட்டிருக்க மாட்டாருங்க. நான் கேக்கறேன்."

அவர் மடித்த பேப்பரைத் திண்ணையில் வைத்தார். பிறகு, தண்ணீர் தன்னுடையது, மற்ற செலவெல்லாம் அவளுடையது, விளைந்ததில் மூன்றில் ஒரு பங்கு தனக்கு என்றார். பேச்சோடு பேச்சு, எழுத்து ஒன்றுமில்லை. பண்ணை ஆட்கள் முதலாளியைக் கூப்பிடுகிற 'பண்ணாடி'யை அன்றிலிருந்து பாவாத்தாள் விட்டுவிட்டாள். வெறும் 'ஏனுங்க'தான். அவரும் அதைக் கவனித்தார்.

புருஷன் கருப்புசாமி கோழிப் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தான். அதிகம் பேசாதவன். "நமக்கெதுக்குப் புள்ள இதெல்லாம்?" என்று ஒருமுறை கேட்டான். மறு வாரம் வீட்டிலிருந்த எருமையையும் கன்றையும் அவனே சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனான். பண்ணை வேலையையும் விட்டுவிட்டுக் காட்டில் இறங்கினான்.

விதைக் காயை ரியாஸே கொடுத்தார். "போடுங்கக்கா. வேற யாருக்கும் கொடுத்துப்போடாதீங்க, நானே எடுத்துக்கறேன். நோன்புக்கு மலேசியாக்காரன் நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிப்பான்" என்றார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோன் பெண்கள் பதினோரு பேரும் வந்து காய் ஊன்றிக் கொடுத்தார்கள். கூலி பேச்சு வந்தபோது குழந்தையம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்மள்ல ஒருத்தி மொதமொதலா வெள்ளாமை வெக்கறா. அதுக்குக் கூலி வாங்கற சாதியா நாங்க?" என்று சத்தம் போட்டாள். மதியம் எல்லோருக்கும் கோழிக்குழம்பு. வரப்பில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாவாத்தாள் மட்டும் சாப்பிடாமல் தட்டோடு நடந்துகொண்டே இருந்தாள். "உக்காரு ஆத்தா, காடு எங்கியும் ஓடிப்போவாது" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

பயிர் நன்றாக வந்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்தது எதற்கும் அந்த மண்ணோ மழையோ அவர்களோ காரணமில்லை. தாள் கருகருவென்று முழங்கால் உயரம் நின்றது. கருப்புசாமி விடிவதற்குள் காட்டில் இருப்பான். குடோனுக்குப் போகிற வழியில் பாவாத்தாள் இறங்கி ஒரு செடியின் அடியை விரலால் விலக்கிப் பார்ப்பாள். காய் பிடிக்கிறது, சிவக்கிறது, பெருக்கிறது. கார்த்திகை பாதி தாண்டியபோது, "இது கொழும்புக் காயா வருதுங்க" என்று ரியாஸிடம் சொன்னாள். விலையும் அப்போது கிலோ எண்பது ரூபாய்க்கு மேலே நின்றது.

அந்த மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் குடோனுக்குள் நுழைந்தபோது ரியாஸ் எடைமேடைக்குப் பக்கத்தில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். முந்தின நாள் ஏற்றி அனுப்பிய லாரி பாதி வழியில் நிற்கிறதாம். மேலே போகலாமா, திரும்பலாமா என்று டிரைவர் கேட்கிறார். பேசி முடித்துவிட்டு ரியாஸ் பெண்களைப் பார்த்தார்.

"யாரும் மூட்டையப் பிரிக்காதீங்க. வெங்காயம் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு உத்தரவு வந்திருச்சு. மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும்."

"பெரிய வெங்காயத்துக்குத்தானுங்க பாய்? வடக்க அதான வெலை ஏறிப்போச்சுன்னு டிவியில சொன்னாங்க" என்றாள் பாவாத்தாள்.

"ரெண்டுக்கும்தான் அக்கா."

"நம்முளுது வேற காயில்லீங்களா? வடக்க இதையத் திங்கவே மாட்டாங்களே. இதைய இங்கியே நிறுத்தி வெச்சா அங்க வெலை எப்படி எறங்கும்?"

"நமக்குத் தெரியுது. அங்க கம்ப்யூட்டர்ல ரெண்டுக்கும் ஒரே நம்பராமா. அதுல வெங்காயம்னா வெங்காயம்தான்."

பெண்கள் மத்தியானம் வரை சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ரியாஸ் அன்றைய கூலியைக் கொடுத்து, கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார். லாரி சாயங்காலம் திரும்பி வந்தது. தார்ப்பாய்கூட அவிழ்க்காமல் அப்படியே நின்றது.

காட்டில் இருக்கிற காய்க்கு உத்தரவு தெரியாது. அது தன் நாளில் முற்றியது. மார்கழி நடுவில் தாள் சாய்ந்துவிட்டது, பிடுங்கித்தான் ஆக வேண்டும். பிடுங்கிக் காய வைத்து மூட்டை பிடித்தபோது நூற்று எண்பது மூட்டை. அந்த வட்டாரத்தில் அந்தப் பட்டத்தில் அப்படி யாருக்கும் விளையவில்லை. வெளியே போக வேண்டிய சரக்கெல்லாம் உள்ளூரிலேயே குவிந்ததில் விலை அதற்குள் இருபதுக்கு வந்திருந்தது. சுப்பண்ணன் தன் பங்கு அறுபது மூட்டையை அன்றைக்கே வியாபாரிக்குப் போட்டுவிட்டார். மீதி நூற்றிருபது களத்தில் அடுக்கியிருந்தது.

"வித்துப்போடலாம் புள்ள. போட்டதுல பாதியாச்சும் கைக்கு வரும்" என்றான் கருப்புசாமி. அவன் வாய் திறந்து ஒரு காரியத்தை வற்புறுத்தியது அவர்கள் கல்யாணம் ஆகி அதுதான் முதல் தடவை.

"மாமா, இந்தக் காயைப் பாருங்க. இத்தனை வருசத்துல இந்த மாரிக் காய் நான் கையில எடுத்ததில்லை. இதையக் கொண்டுபோயி லோடு ஆட்டோக்காரனுக்குக் கொட்டச் சொல்றீங்களா? பட்டறை போட்டா மூணு மாசம் கெடாது. மார்ச்சுல கதவு தொறந்துரும். ரியாஸ் பாயும் அதான் சொல்றாரு."

"தொறக்கலீன்னா?"

"தேதி போட்டுத்தானுங்க சொல்லியிருக்காங்க."

அவன் போய்க் கல் கொண்டு வந்தான்.

பட்டறை என்பது வெங்காயத்தைச் சேமித்து வைக்கிற கூடு. தரையில் கல் அடுக்கி, அதன்மேல் மூங்கில் பரப்பி, சுற்றிலும் காற்று நுழைகிற மாதிரி படல் கட்டி, உள்ளே காயைக் கொட்டி, மேலே தென்னங்கீற்று வேய்வார்கள். ஆள் உயரம், இருபதடி நீளம். வடக்குக் காட்டின் ஓரத்தில் இரண்டு பட்டறை நின்றது. பொங்கலுக்கு அவற்றின்மேல் கூரைப்பூ, வேப்பிலை எல்லாம் செருகிக் காப்புக் கட்டினாள். வீட்டுக்குச் செய்கிறதைப் பட்டறைக்கும் செய்தாள்.

குடோனில் வேலையில்லை. கையில் இருந்தது கரைந்தது. மாசியில் ஒரு நாள், கொஞ்சமாவது நாமே விற்றுப் பார்க்கலாம் என்று இரண்டு மூட்டையை டவுன் பஸ்ஸில் ஏற்றிக் காந்திபுரம் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் சுவரோரம் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். கிலோ நாற்பது என்றாள். எதிர் வரிசையில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. அதிலிருந்த குழாய், 'மூணு கிலோ நூறு, மூணு கிலோ நூறு' என்று மூச்சு விடாமல் கூவியது. ஒரு அம்மாள் வந்து குனிந்து இவளுடைய காயை அமுக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. இருந்தாலும் அங்க சல்லிசு" என்று ஆட்டோப் பக்கம் போய்விட்டாள். வெயில் ஏறியது. பாவாத்தாள் தன் விலையை முப்பத்தைந்தாக்கினாள், பிறகு முப்பதாக்கினாள்.

மகள் மதிவதனி அங்கே பக்கத்தில் கிராஸ்கட் ரோட்டில் ஒரு செல்போன் கடையில் வேலை செய்கிறாள். வருகிறேன் என்று அவளிடம் பாவாத்தாள் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் வந்த பெண் நின்றுவிட்டாள்.

"அம்மா? இங்க என்ன பண்றே?"

"சும்மா கண்ணு. ரெண்டு மூட்டை கொண்டாந்தேன்."

மதிவதனி அக்கம்பக்கம் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய கடை அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து தராசைக் கையில் எடுத்தாள். அரை மணி நேரம், "அக்கா வாங்கக்கா, தோட்டத்துக் காய்" என்று கூப்பிட்டாள். நாலு கிலோ போயிற்று. கடையிலிருந்து போன் வந்ததும் எழுந்தாள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தன் டிபன் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு ஓடினாள். அவள் அட்டையைக் கழற்றியதைப் பாவாத்தாள் பார்த்திருந்தாள். அதற்கப்புறம் அவள் காந்திபுரத்துக்கு வெங்காயம் கொண்டு போகவில்லை.

நோன்பு தொடங்கிய வாரம் ரியாஸைப் பார்க்கப் போனாள். காலியான குடோனில் அவர் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய போன் அடித்தது. கொழும்பு புறக்கோட்டையிலிருந்து அஃப்ரா. அங்கே வாப்பாவின் மொத்தக் கடையைப் பார்த்துக்கொள்கிற பெண். ஆறு வருஷமாக ரியாஸிடம் வெங்காயம் வாங்குகிறவள், அவரை 'நானா' என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுகிறவள். பாவாத்தாளும் கேட்கட்டும் என்று ரியாஸ் ஸ்பீக்கரைப் போட்டார்.

"ரியாஸ் நானா, எப்பதான் வரும்? எங்கட கடையில சாக்கெல்லாம் வெறுஞ்சாக்காத்தான் ஈக்குது. வேற நாட்டு வெங்காயம் வருது, அத யாவாரிமாரே தொட ஏலாத வெலை. நேத்து ஒரு மனுசி வந்து, கிலோக் கணக்குல வாணாம், அஞ்சு வெங்காயம் எண்ணித் தா எண்டு கேட்டா."

பாவாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "அம்மணி, எங்கிட்ட நூறு மூட்டைக்கு மேல கெடக்குது கண்ணு. கொழும்புக் காய். எடுக்க ஆளில்லாம கெடக்குது."

"யாரு பேசுறது?"

"உங்களுக்கு வர்ற மூட்டையெல்லாம் இவங்கதான் பிரிக்கறது" என்றார் ரியாஸ்.

"ஓ... அக்கா. உங்கட கையால வந்த மூட்டையில ஒரு அழுகல் கண்டதில்ல நான்." அஃப்ராவின் குரல் இறங்கியது. "தூத்துக்குடியிலேந்து கப்பல் ஒரு ராவுதான் அக்கா. ஒரே ஒரு ராவு."

"ஆமாங் கண்ணு."

பாவாத்தாள் வீட்டுக்கு நடந்தே வந்தாள். வழியில் பட்டறைப் படலுக்குள் கையை விட்டு ஒரு காயை எடுத்துப் பார்த்தாள். கழுத்தில் ஊசிமுனை அளவுக்குப் பச்சை தெரிந்தது. முளை.

பங்குனியில், தேதி முடிய ஒரு வாரம் இருக்கும்போது அடுத்த உத்தரவு வந்தது. மறு உத்தரவு வரும் வரை தடை தொடரும். டீக்கடை டிவியின் அடியில் ஓடின எழுத்தைக் கருப்புசாமிதான் முதலில் படித்தான். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்து, பாவாத்தாளிடம் சொல்லாமல், பட்டறைக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எத்தனை நாளைக்காமா?"

"தேதி போடலை."

மறுநாள் பதினோரு பெண்களும் மறுபடியும் வந்தார்கள். பட்டறையைப் பிரித்து, நல்லதைத் தனியாக எடுத்து விற்றாவது விடலாம் என்று யோசனை. கீற்றை விலக்கியதும் சூடான ஒரு வாடை முகத்தில் அடித்தது. பாவாத்தாள் நடுவில் உட்கார்ந்து தரம் பிரிக்க ஆரம்பித்தாள். பதினைந்து வருஷமாக அடுத்தவர் வெங்காயத்தைக் கழித்துப் போட்ட விரல்கள். இது தன்னுடையது என்று அவை பார்க்கவில்லை. மெத்தென்று இருந்தது, கறுப்பு ஏறியது, முளைத்தது எல்லாம் இடது பக்கம் போயிற்று. இடது பக்கக் குவியல் அவள் இடுப்பு உயரத்துக்கு வந்தது.

குழந்தையம்மாள் ஒரு காயை அதிலிருந்து எடுத்துத் துடைத்து வலது பக்கம் போட்டாள். "இது பரவால்ல பாவாத்தா."

பாவாத்தாள் அதைத் திரும்ப எடுத்து அமுக்கினாள். விரல் உள்ளே இறங்கியது. "இல்லை" என்று இடது பக்கமே போட்டாள். அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டேதான் மீதியையும் பிரித்தாள், ஒரு காயைக்கூட மாற்றிப் போடவில்லை.

நல்லதாகத் தேறியது நாற்பது மூட்டை. வியாபாரி வந்து பார்த்துவிட்டு, சரக்கு பழசு என்று கிலோ பத்து ரூபாய்க்குக் கேட்டார். கருப்புசாமி பாவாத்தாளைப் பார்த்தான். "இன்னும் பதினஞ்சு நாள் பாக்கலாம்" என்றாள். அதுதான் அவள் செய்த பெரிய தப்பு என்று பின்னால் அவளே சொன்னாள். பிடுங்கியபோது விற்காதது தப்பில்லையாம், அது கணிப்பு. இது வெறும் பிடிவாதமாம்.

அந்தச் சித்திரையில் அடித்த வெயிலை அந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். ஆழ்குழாய்க் கிணறுகள் காற்றை உறிஞ்சின. தென்னை மட்டை தொங்கியது. மறுபடி பட்டறைக்குள் போட்ட நாற்பது மூட்டைக் காயும் வெந்தது. ஒரு வாரத்தில் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது, பிறகு புழு, பிறகு ஈ. வாடை ரோடு வரை வந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

சுப்பண்ணன் ஆள் அனுப்பவில்லை, அவரே தடியை ஊன்றிக்கொண்டு காட்டுக்கு வந்தார். இருபதடி தள்ளியே நின்றுகொண்டார்.

"பாவாத்தா, இதைய எடுத்துப்போடோணும். மிதுன் இந்த ரெண்டு ஏக்கராவை சைட் போடறதுக்குப் பேசி முடிச்சுட்டான். நாளானிக்கு அளக்க வர்றாங்க."

"இன்னொரு பட்டம் பாக்கறேன்னு சொல்லியிருந்தனுங்களே..."

"நான் என்ன பண்ணட்டும் சொல்லு. தென்னை காஞ்சு போச்சு. காஞ்சது போக நிக்கற மரத்துக் காய் களத்துல கெடக்குது. கப்பல் கப்பலாப் பாமாயில் வந்து எறங்குது, தேங்காண்ணைய யாரு கேக்கறா? மண்ணுல இருந்து இனி ஒண்ணும் வராதுங்கறான் பையன். எனக்கும் அவங்கிட்ட எதுத்துச் சொல்ல ஒண்ணுமில்லை."

அவர் குரலில் அதிகாரம் இல்லை. வெறும் களைப்புதான் இருந்தது. பாவாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டு நாள் குடுங்க பண்ணாடி" என்றாள்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. சுப்பண்ணன் காதிலும் விழுந்திருக்கும். அவர் திரும்பி நடந்தார்.

டிராக்டர் வாடகைக்கு எடுத்து, பழைய கல்லுக்குழிக்கு நாலு நடை அடித்தார்கள். ஆடு மாடு வாய் வைக்காத சரக்கு. கருப்புசாமி மண்வெட்டியால் வாரி வாரிக் கொட்டினான். கடைசி நடை முடிந்ததும் குழி ஓரத்தில் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "எருமை நல்லாக் கறந்துட்டு இருந்துச்சு" என்றான். அவளைக் குத்திக் காட்டுவதற்காகச் சொன்னதில்லை. ஆனால் அவள் அதற்குப் பிறகு வெகு நாள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சித்திரை முடிவதற்குள் தடையை எடுத்துவிட்டார்கள். சொல்வதற்கு ரியாஸ் பைக்கில் வந்தார். பாவாத்தாள் வீட்டுப் பின்னால் பட்டறை மூங்கில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள், விறகுக்காவது ஆகும் என்று.

"அக்கா, உத்தரவு வந்திருச்சு. அனுப்பலாமாமா."

"அப்படீங்களா" என்றாள்.

"வரி நெறையப் போட்டிருக்காங்க. இந்த வெலைக்கு மேல இத்தனை வரின்னு. அதுக்கு மேல அனுப்பி வித்து..." அவர் முடிக்கவில்லை.

"அந்தப் புள்ளைக்குச் சொன்னீங்களா? கொழும்புல?"

"பேசினேன். அவங்க வேற நாட்டுக்காரங்ககிட்டப் பழகிட்டாங்க. வருசம் பூராத் தர்றேன்னு எழுதிக் குடுத்திருக்கானாமா அவன். 'நீங்க எப்ப கதவச் சாத்துவீங்கன்னு தெரியாம நான் எப்படிக் கடை நடத்துறது நானா?'ன்னு கேட்டாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

பாவாத்தாள் மூங்கிலைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்த்தாள். எவ்வளவு தேய்த்தும் வாடை போகவில்லை. ரியாஸ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். ஆடி வரைக்கும் அவர் இரண்டு லோடு மூன்று லோடு அனுப்பிப் பார்த்தார். கட்டுபடியாகவில்லை. குடோனைப் பூட்டிவிட்டுத் திருப்பூரில் மாமனாரின் கடைக்குப் போய்விட்டார். போகும்போது பன்னிரண்டு பேர் வீட்டுக்கும் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டுத்தான் போனார்.

கருப்புசாமிக்குக் கோழிப் பண்ணையில் மறுபடியும் இடம் கிடைக்கவில்லை. அங்கே ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் தங்கி வேலை செய்கிறது. அவனுடைய அண்ணன் வால்பாறையில் ஒரு எஸ்டேட் லைனில் இருக்கிறார். மருந்தடிக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போன் பண்ணினார். தேயிலைக்கும் விலையில்லை, எத்தனை நாள் வேலை இருக்கும் என்று சொல்ல முடியாது, இருக்கிற வரை இருக்கும். ஒரு பையோடு கிளம்பினான். பஸ் ஏறும்போது, "நீ வெசனப்படாதே புள்ள" என்றான். ஆரம்பத்தில் மாசம் ஒருமுறை வந்தான். இப்போது பண்டிகை நோம்பிக்கு மட்டும் வருகிறான். வந்தால் தூங்குகிறான். மருந்தடித்துப் பிடித்த இருமல் போகவில்லை.

மதிவதனி அம்மாவைக் கோயமுத்தூருக்கே வந்துவிடச் சொன்னாள். நாலு பெண்கள் சேர்ந்திருக்கிற அறையில் தான் எங்கே படுப்பது என்று பாவாத்தாள் கேட்டாள்.

வடக்குக் காட்டில் கல் நட்டுச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நடுவே தார் ரோடு. பெயர்ப் பலகையில் ஏதோ ஒரு நகர். இதுவரை ஒரு வீடும் வரவில்லை. சீமைக்கருவேலம் முளைத்திருக்கிறது. பாவாத்தாள் அந்த வழியாகப் போவதை விட்டு, கால் மைல் சுற்றிப் போகிறாள்.

போன புரட்டாசியில், பக்கத்து ஊர் வெங்கடபதி அவளைத் தேடி வந்தார். அவருக்கு மூன்று ஏக்கர் தண்ணீரோடு இருக்கிறது, பார்க்க ஆளில்லை. முட்டி வலியால் அவரால் காட்டுக்குப் போக முடியவில்லை. அந்த வருஷம் பாவாத்தாளுக்கு விளைந்த விளைச்சலைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருந்தார்.

"ஏனுங் அம்மணி, வாரத்துக்கு எடுத்துக்கறீங்களா? பாதிக்குப் பாதி. வெதைக் காயும் நானே வாங்கித் தர்றேன். உங்களை மாரி வெங்காயம் வெளைய வெக்கறவங்க இந்தப் பக்கம் யாருமில்லைன்னு சொல்றாங்க."

பாவாத்தாள் அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை யோசித்தாளா, இல்லை முன்பே முடிவு செய்துவிட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"வேண்டாமுங்க" என்றாள். "களை வெட்டறதுக்கு, காய் புடுங்கறதுக்கு ஆள் வேணும்னாச் சொல்லியனுப்புங்க. வாரேன்."

அவர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். அவள் சொம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். மறு வாரம் அவர் வேறு ஒருவருக்குக் காட்டை விட்டார். கார்த்திகையில் களைக்கு ஆள் கூப்பிட்டார்கள். பாவாத்தாள் போனாள். மற்றப் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், பொழுது சாயும் வரை களை எடுத்தாள். வெங்காயம் எப்படி வந்திருக்கிறது என்று காட்டுக்காரர் கேட்டதற்கு, "தெரியலீங்க" என்றாள். கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.